வரி கட்டுகிறேன் என்று சொன்ன அத்தை

எங்கள் தெருவில் போன மாதத்திலிருந்து வீட்டு வரிப் பேச்சுதான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு இது. சாக்கடை இல்லை, ரோடு இல்லை, எதற்கு வரி என்று ஒரு கட்சி. கட்டாவிட்டால் கேட்பதற்கு வாய் இருக்காது என்று இன்னொரு கட்சி. சாயங்காலமானால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று சத்தம் போட்டுக்கொள்கிறார்கள். நான் யார் பக்கமும் பேசுவதில்லை. வரி அறிவிப்பு வந்த மறுநாளே மகனை விரட்டிக் கட்டிவிட்டு வரச் சொல்லிவிடுவேன். கட்டிவிட்டு வந்த பிறகும் படபடப்பு அடங்காது. சரியான பேரில் கட்டினானா, கதவு நம்பர் மாறிப் போயிருக்குமோ என்று திரும்பத் திரும்பக் கேட்பேன். "உனக்கு வேற வேலையே இல்லம்மா" என்பான்.

என் வயதுக்காரர்கள் யாராவது பழவேற்காட்டு ஏரிப் பக்கம் பிறந்திருந்தால் இந்தப் படபடப்பு எதற்கென்று கொஞ்சம் புரியும். மற்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ. எல்லாமே பனையோலைக் கூரை. சுவர் என்றால் ஓலை, கொஞ்சம் வசதி இருந்தால் மண். வாசலுக்குத் தட்டி. வெளியே போகும்போது தட்டியைச் சாத்திவிட்டுப் போவோம், அது நாயைத் தடுக்கத்தான். மனிதர்களைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கதவு வைத்த வீடு ஒன்றே ஒன்று. எங்கள் அத்தையுடையது.

அத்தை என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நேர் இளையவள். கட்டிக்கொடுத்த ஊரில் மாமா காய்ச்சலில் போய்விட, பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தவள். வந்த மறுவாரமே கூடையைத் தூக்கிவிட்டாள் என்பார்கள். விடியும் முன்பே படகேறிப் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி சந்தை. திரும்பும்போது கூடையில் மீனுக்குப் பதில் நாலு செங்கல் இருக்கும். அதைத் தலையில் வைத்தே கொண்டுவருவாள். இப்படிச் சேர்த்த செங்கல்லில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரே ஒரு அறை எழுப்பினாள். பொன்னேரியில் யாரோ பழைய வீட்டை இடித்தபோது நிலையையும் கதவையும் விலை பேசி வாங்கினாள். அந்தக் கதவு படகில் படுத்துக்கொண்டு ஏரியைக் கடந்து வந்ததைப் பார்க்க ஊரே கரையில் நின்றது. நீலக் கதவு. அங்கங்கே பெயின்ட் உரிந்து அடியில் பச்சை தெரியும். அதற்கு ஒரு கனத்த பித்தளைப் பூட்டு. சாவியை அத்தை கழுத்துக் கயிற்றில் மாட்டியிருப்பாள். அதில் எப்போதும் மீன் வாசம்.

ஊரில் அவள் வீட்டுக்குப் 'பூட்டுற ஊடு' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"பூட்டு போட்டு உள்ள இன்னா வெச்சிருக்கே, தங்கமா?" என்று தண்ணீர்த் துறையில் கேட்பார்கள்.

"ஆமா. காஞ்ச வாளை மீனு. பளபளன்னு கீது, வந்து பாரு" என்பாள் அத்தை.

நானும் ஒருநாள் கேட்டேன். "உள்ள ஒண்ணும் இல்லடி. போனா பூட்டணும், வந்தா தொறக்கணும். அதான்" என்றாள். அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த வருடம் மழைக்கு முன்னால் பஞ்சாயத்திலிருந்து வரி ஆள் வந்தார். கையில் தார் டப்பா, தூரிகை, காக்கிப் பை. எங்கள் குப்பத்தையும் ஏரிக்கு அந்தாண்டை இருக்கும் நெல்லுக்காரர் ஊரையும் சேர்த்து ஒரே பஞ்சாயத்து. இனிமேல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு வரி என்றார். பாவம், நம்பர் எழுத அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஓலையில் தார் நிற்காது. தகரத் துண்டுகளில் எழுதித் தட்டியில் கட்டிவிட்டுப் போனார். அவர் படகு கண்ணுக்கு மறைவதற்குள் பையன்கள் தகரத்தை அவிழ்த்துத் தண்ணீரில் சில்லு விட்டார்கள். அவர் எழுதியதில் நிலைத்தது அத்தையின் கதவில் இருந்தது மட்டும்தான். நீலத்தின் மேல் கறுப்பாக, திருத்தமாக. அந்தத் தார் வாசம் ரொம்ப நாள் இருந்தது. அத்தை வெளியே போகும்போதும் வரும்போதும் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

வரி கட்டுவதா வேண்டாமா என்று பேச அம்மன் கோயில் மணலில் ஊர் கூடியது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வலை காயப்போடும் கழிகளுக்குப் பின்னால் பெண்கள் நின்றோம். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஊர்ப் பெரியவர் முதலில் பேசினார். "அம்மனுக்குத் தலைக்கட்டு வரி குடுக்கறோம். அதுக்கு மேல எவனுக்கு வரி? ஓலை நம்மளுது, கழி நம்மளுது. சர்க்காரு ஒரு ஓலை குடுத்துதா?"

"கடலு ஏறி வந்தா ஊடே இருக்காது. இல்லாத ஊட்டுக்கும் கட்டணுமா?" என்றார் ஒருவர்.

"நாரை வந்து கூடு கட்டுது. அதுக்கும் நம்பர் போடச் சொல்லு" என்றார் ஒரு கிழவர். சிரித்தார்கள்.

எண்ணூரில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு இளவட்டம், "கட்டலன்னா ஜப்தி பண்ணுவாங்க" என்று சொல்லிப் பார்த்தது.

"இன்னாத்தப் பண்ணுவான்? தட்டியத் தூக்கிக்கினு போவட்டும். தொடப்பமும் சேத்துக் குடுத்து அனுப்பு."

மறுபடி சிரிப்பு. என் நைனாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கும்போதுதான் கழிகளுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"நான் கட்டுறேன்."

திரும்பிப் பார்த்தார்கள். ஊர்க் கூட்டத்தில் பெண் குரல் அதுவரை கேட்டதில்லை. அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அத்தை விடுவித்துக்கொண்டாள்.

"என் ஊட்டுக்கு நான் கட்டுறேன். உங்களக் கட்டச் சொல்லல."

பெரியவர் கோபப்படவில்லை. குழந்தையிடம் பேசுவது போல, "உனக்கு ஏதும்மா ஊடு? நீ உங்க அண்ணன் தலைக்கட்டுல சேத்தி" என்றார்.

"சர்க்காரு ஆளு தனியா நம்பர் போட்டுக் குடுத்துருக்காரு பெரிப்பா. எங்கியோ இருந்து வந்தவரு கண்ணுக்குத் தெரிஞ்ச ஊடு உங்க கண்ணுக்குத் தெரியலியா?"

யாரும் சிரிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் யார் கட்டுவது என்று ஊர் முறை வைத்திருக்கும். அதற்குப் பாடு என்று பேர். கல்யாணமாகித் தனி அடுப்பு மூட்டிய ஆண்பிள்ளைக்கு ஒரு பாடு. பெண்ணுக்குக் கிடையாது. மழை முடிந்து இறால் வரும் அந்தச் சில மாதப் பாடுதான் வருடம் பூராவும் சோறு. ஊர்ச் சொல்லை மீறினால் பாட்டை நிறுத்துவார்கள். அத்தைக்குப் பாடே இல்லை, அவளை என்ன செய்ய முடியும்?

பெரியவர் என் நைனாவைப் பார்த்தார். "யார் ஊட்ல இருந்து வரி போவுதோ, அந்தத் தலைக்கட்டுக்கு இந்த வருசம் பாடு இல்ல" என்றார்.

வீட்டுக்கு நடந்தோம். இனிமேல் சாப்பாடு இருக்காது என்றே நினைத்துவிட்டேன். தட்டில் இருந்த சோற்றில் பாதியை நாளைக்கென்று எடுத்து வைத்து அம்மாவிடம் அடி வாங்கினேன்.

நைனா ரெண்டு நாள் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. அத்தையின் காசில் ஒரு பீடி வாங்கியவர் இல்லை. மூன்றாம் நாள் காலை, அத்தை சந்தைக்குப் போகாமல் வீட்டில் இருந்தபோது, வந்து எதிரில் குந்தினார்.

"இத பாரும்மா. எறா வர நேரம். பாடு போச்சுன்னா புள்ளைங்க வாயில மண்ணு."

"தெரியுதுண்ணா."

"ஒரு வழி தோணுது. கதவு இருந்தாத்தான நம்பர்? நம்பர் இருந்தாத்தான வரி? உன் கதவ மூடிட்டு, நடுச் செவுத்துல வழி வுட்டுக்கலாம். எங்க ஊடும் உன் ஊடும் ஒண்ணா ஆயிடும். எங்க வாசப்படி வழியா வந்து போ. வரி ஆளு வந்தா ஒரே ஊடுதான். ஊருக்கும் பேச்சு இல்ல, உனக்கும் ஜப்தி இல்ல."

அத்தை எங்களைப் பார்த்தாள். நான், தம்பி, இடுப்பில் கைப்பிள்ளையோடு அம்மா. பிறகு கதவைப் பார்த்தாள்.

"மறுபடி தொறந்துருவியா?"

"ஊர் வாயி அடங்கட்டும். நானே தொறந்து வுடுறேன். கொஞ்ச நாளுதாம்மா."

அத்தை கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். இனிமேல் பூட்டவே போகாத கதவுக்குச் சாவி எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ. அந்தச் சாவியும் பூட்டும் பிறகு எங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நைனாவும் சித்தப்பாவும் சேர்ந்து வேலையை முடித்தார்கள். சித்தப்பா நைனாவின் கடைசித் தம்பி, அப்போது கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். கதவைப் பெயர்த்துக் கீழே போட்டு, நிலைக்குள் செங்கல் அடுக்கி மண் பூசினார்கள். உள்ளே நடுச் சுவரில் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை. ஊரில் நைனாவைப் புத்திசாலி என்றார்கள். பெரியவரே வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். எங்கள் பாடு நிற்கவில்லை. அந்த வருடம் இறால் நன்றாக வந்தது. அத்தையின் கதவைக் கல்லின் மேல் கிடத்தி அதில்தான் இறாலைக் காயப்போட்டோம். உப்புத் தண்ணீரில் நீலம் பொரிந்து பொரிந்து வந்தது. காய்ந்த இறாலில் ஒட்டியிருக்கும் நீலச் சில்லுகளை அம்மா பொறுக்கிப் போடுவாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ஓட்டை பிடித்திருந்தது. நினைத்தபோதெல்லாம் புகுந்து அத்தையின் மடியில் விழலாம். அவள் சந்தைக்குப் போன பிறகும் உள்ளே போய் விளையாடலாம். ஆனால் பயமும் இருந்தது. கூரை தீப்பிடித்தால் அத்தை எப்படி வெளியே வருவாள்? அதை அவளிடமே கேட்டேன்.

"நெருப்பு புடிச்சா இத்தினியூண்டு பொந்துல நான் மாட்டிக்குவேன்னு பாக்கறியா? ஒங்கம்மா தள்ளி வுடுவா" என்று சிரித்தாள்.

அம்மா தள்ளித்தான் விட்டாள், வேறு மாதிரி. அத்தையின் ஈரக்கூடை எங்கள் அடுப்பைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மீன் தண்ணீர் சொட்டும். "தெனம் என் அடுப்பாண்ட கழுவி ஊத்தறதே பேஜாரா போச்சு" என்பாள் அம்மா. அத்தை காதில் விழாத மாதிரி போவாள். கொஞ்ச நாளில் அத்தையின் அறையில் வலை மூட்டை வந்தது. பிறகு விறகு. பிறகு சித்தப்பாவின் துடுப்பு. எல்லாம் ஒரே வீடுதானே. யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. அதுதான் இப்போது நினைக்க ஒரு மாதிரி இருக்கிறது.

மறு வருடம் ஊர் மாறிப்போனது. வரி கட்டுகிற ஊருக்கு நல்ல தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாகப் பஞ்சாயத்திலிருந்து பேச்சு வந்தது. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் பானையோடு படகேறிப் போன காலம் அது. மறுபடி ஊர் கூடியது. அதே மணல், அதே பெரியவர்.

"காலத்துக்குத் தக்கன போவணும். கட்டிடலாம்" என்றார்.

நாரைக்கு நம்பர் போடச் சொன்ன கிழவர், "முன்னயே கட்டியிருந்தா முன்னயே தண்ணி வந்துருக்கும்" என்றார். அத்தை கழிகளுக்குப் பின்னால்தான் நின்றாள். அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை மீன் அரிந்துகொண்டே கேட்டாள். "அண்ணா, கதவத் தொறந்து வுடு."

"தை பொறக்கட்டும்மா. தம்பி கல்யாணத்த முடிச்சிடலாம்."

சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. கல்யாணமானால் மட்டும் பாடு வந்துவிடாது. தனி வாசல், தனி அடுப்பு இருக்க வேண்டும். நைனா அதைத்தான் கணக்குப் போட்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். தை மாதம் மண்ணைத் தட்டிச் செங்கல்லை எடுத்தார், நீலக் கதவைக் கழுவி மறுபடி மாட்டினார், நடுச் சுவர் ஓட்டையை அடைத்தார். உள்ளே புது அடுப்பு போட்டார்கள். சித்தப்பாவுக்கு.

"ரெண்டு பாடு ஆச்சு பாரு நம்ம குடும்பத்துக்கு" என்றார் நைனா. அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. "நீ எங்க போவப்போறே? எங்ககூட இரு. இது இன்னா வேற ஊடா?"

அத்தை அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "அப்ப அது யாரு ஊடு?" என்று கேட்டாள்.

"நம்ம ஊடுதான்."

"சரி" என்றாள்.

வரி ஆள் வந்தபோது இந்தத் தடவை பெண்கள் மோர் கொடுத்தார்கள். வாசல் வாசலாகப் பேர் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர் நீலக் கதவின் முன் நின்றார். பழைய நம்பர் உப்பில் அரித்து, இருந்த இடம் மட்டும் தெரிந்தது.

"இது இந்தம்மா பேர்ல தான இருந்துது?" என்றார் அத்தையைக் காட்டி.

"எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று நைனா சித்தப்பாவின் பேரைச் சொன்னார்.

வரி ஆள் அத்தையைப் பார்த்தார். ஊரே திரும்பிப் பார்க்கக் கூட்டத்தில் பேசிய அத்தை ஏதாவது சொல்வாள் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை வந்துவிடுமோ என்று பயமும் இருந்தது. அவள் காலால் மணலில் ஒரு மீன் செதிலைப் புதைத்துக்கொண்டு நின்றாள். அவர் எழுதினார். தாரைத் தொட்டு நம்பரைப் போட்டார். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. சண்டை வரவில்லையே என்று.

கல்யாணத்துக்கு அத்தைதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாள். பிறகு ஒருநாள் சந்தைக்குப் போனவள் வரவில்லை. பொன்னேரியிலேயே தங்கிவிட்டதாக அவளோடு கூடை சுமக்கும் பெண்கள் வந்து சொன்னார்கள். "கோவம் தணிஞ்சா வந்துரும்" என்றார் நைனா. அத்தையின் வருமானமும் வீட்டுக்குள் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. கூடையை அம்மா தூக்கினாள். கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன்.

நைனா என் கண்ணில் என்றைக்கும் பேராசைக்காரராகத் தெரிந்ததில்லை. எல்லோர் வயிற்றையும் நிரப்ப ஒரு வழி தேடினார், அந்த வழியில் அத்தையின் வாசல் இருந்தது. ஒரு வீடு என்றால் அவருக்கு ஒரு பாடு. பாடே இல்லாத ஒருத்திக்கு எதற்கு வீடு வேண்டும் என்பது அவர் மண்டையில் கடைசிவரை ஏறவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவேளை ஏறியதோ என்று யோசிக்க வைப்பது அந்தப் பொன்னேரிப் பயணம்தான்.

ஆடிக்குப் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பானை காய்ந்த இறால், அத்தைக்கு ஒரு புடவை, அம்மன் படம் ஒன்று கண்ணாடி போட்டு. அரிசி மில்லுக்குப் பின்னால் வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றில் அத்தை குடியிருந்தாள். தவிட்டு வாசம். மில் ஓடும் அதிர்வு தரையில் தெரிந்தது. என்னைக் கட்டிக்கொண்டு தலையை முகர்ந்தாள். கடையிலிருந்து போண்டாவும் டீயும் வாங்கி வந்து வைத்தாள். அம்மாவை விசாரித்தாள், சித்தியை விசாரித்தாள், முழுகாமல் இருக்கிறாளா என்று கேட்டாள்.

நைனா கூரையைப் பார்த்தார், ஓடு போட்டது. "இதுக்கு வரி இன்னா ஆவுது?" என்றார்.

"எனக்கின்னா தெரியும்? அதெல்லாம் ஊட்டுக்காரங்க கட்டிக்கறாங்க. நான் வாடகை குடுக்கறதோட செரி."

நைனா தலையை ஆட்டினார். பிறகு ஏதாவது செய்தாக வேண்டும் போல எழுந்து, அம்மன் படத்தைத் துண்டால் துடைத்தார். மடியிலிருந்து ஒரு ஆணியை எடுத்தார். வரும்போதே நினைத்து எடுத்துவந்திருக்கிறார். சுவரில் இடம் பார்த்து ஆணியை வைத்துக்கொண்டு, அடிக்கத் தோதாக ஒரு கல் தேடினார்.

அத்தை அவர் கையைப் பிடித்தாள்.

"இருண்ணா. செவுத்துல ஆணி அடிக்கணும்னா ஊட்டுக்காரம்மாவக் கேக்கணும். கோயிலுக்குப் போயிருக்காங்க. வந்துரட்டும், கேட்டுக்கினு அடிக்கலாம்."

நைனா அவளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை படத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். மில் நின்றது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பழவேற்காட்டுக்குக் கடைசி பஸ் போய்விடும், படகுக்காரர் காத்திருக்க மாட்டார் என்று நான் நைனாவின் சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.